ஆறாம் படிவத்திலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் வரை: சுங்கை சிப்புட் தகப்பன் ஒருவருக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறீர்கள். மகள் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் 7 ஏ, 2 பி எடுத்திருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைக்கவில்லை, எஸ்.டி.பி.எம். தேர்வுக்குத் தயாராக்கும் ஆறாம் படிவத்துக்கு இடம் வந்திருக்கிறது. இதற்கிடையில் தனியார் கல்லூரி ஆள் ஒருவர் வீடு தேடி வந்து, "ஆறாம் படிவம் ரொம்பக் கஷ்டம், ஒன்றரை வருஷம் வீண். மலாயாப் பல்கலைக்கழகமெல்லாம் நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்காது" என்று சொல்லி, 500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கேட்டிருக்கிறார். "டீச்சர், அவர் சொல்வது உண்மையா? அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? உள்ளே போக வழி என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆறாம் படிவம் கஷ்டம் என்பது உண்மை. வீண் என்பதும் கிடைக்காது என்பதும் பொய். நானே ஆறாம் படிவம் படித்துத்தான் அங்கே போனேன். பிறகு பல ஆண்டுகள் ஆறாம் படிவ வகுப்புகளில் பாடம் நடத்தினேன். தோட்டத்து லயத்திலிருந்து வந்த பிள்ளைகள் அதே வாசல் வழியாக உள்ளே போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். மகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பல்கலைக்கழகம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். சிங்கப்பூரில் 1905இல் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் அதற்கு ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர். அதுவும் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாக இணைந்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. 1959இல் அது சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. 1962 ஜனவரி 1 முதல் கோலாலம்பூர்க் கிளை தனிப் பல்கலைக்கழகமாக நிமிர்ந்தது. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதன் முதல் வேந்தர். இன்று லெம்பா பந்தாயில், பங்சாருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் நடுவே, ஒரு சிறு ஊரைப் போலவே விரிந்து கிடக்கிறது. உள்ளேயே பெரிய மருத்துவமனை, மாணவர் விடுதிகள், ரிம்பா இல்மு என்ற தாவரவியல் தோட்டம் எல்லாம் உண்டு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள்.

இதைவிட முக்கியமான கதை ஒன்று இருக்கிறது. இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. அந்தத் துறையில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற வாதம் எழுந்த காலத்தில், தமிழுக்குத்தான் என்று மலாயா முழுக்க நம் மக்கள் குரல் கொடுத்தார்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். பட்டணத்துக் கடைக்காரர்களோடு தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் சீவியவர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்கள் சேர அந்தப் பணம் உதவியது. பிறகு தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அந்தத் துறைக்குத் தலைமையேற்று, 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். உலகத் தமிழ் மாநாடு என்ற ஒன்று முதன்முதலில் கூடியது நம் நாட்டில்தான்.

என் பாட்டி அந்த நிதிக்கு ஒரு வெள்ளி கொடுத்ததாகச் சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளி என்பது வீட்டில் அரிசி வாங்குகிற காசு. நான் 1980களின் நடுவில் அந்த நூலகத்தில் தமிழ்ப் புத்தக அலமாரிகளுக்கு நடுவே முதல் நாள் நின்றபோது, இதில் ஏதோ ஒரு புத்தகத்தின் ஒரு பக்கமாவது பாட்டியுடையது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆள் உங்களிடம் "நம்ம பிள்ளைகளுக்குக் கிடைக்காது" என்று சொன்னதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அதுதான். நம் முன்னோர் கூலிக்காசு போட்ட இடம் அது, தம்பி.

அடுத்து, ஆய்வுப் பல்கலைக்கழகம் என்கிறார்களே, அது என்ன என்று கேட்டிருந்தீர்கள். 2006இல் அரசாங்கம் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தகுதியைக் கொடுத்தது: மலாயா, மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், செர்டாங்கிலுள்ள புத்ரா. 2010இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்தது. ஆய்வுக்கு இவற்றுக்குக் கூடுதல் நிதி வரும், முதுகலை, முனைவர் பட்ட மாணவர்கள் அதிகம் இருப்பார்கள். உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் மலாயா வருவதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணால் நேரடியாக ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளுக்குக் கிடைப்பது வேறு. தான் படிக்கும் துறையில் சொந்தமாக ஆராய்ச்சி செய்கிறவரே எதிரில் நின்று பாடம் நடத்துவார். இறுதி ஆண்டு ஆய்வுக்கு உண்மையான ஆய்வுக்கூடம் இருக்கும். கெடாவிலிருந்தும் சரவாக்கிலிருந்தும் வந்தவர்களோடு ஒரே விடுதியில் தங்கிப் பழகுவாள். தோட்டத்திலும் எங்கள் பட்டணத்திலும் மட்டுமே வளர்ந்த எனக்கு அந்த மூன்றாவது விஷயம்தான் பெரிய படிப்பாக இருந்தது. கோலாலம்பூர்ப் புடுராயா நிலையத்தில் பேருந்தை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மினிபஸ்ஸில் தொற்றி ஏறிய நாளில் மலாய் பேசவே கூச்சப்பட்டேன். மூன்று மாதத்தில் மலாயில் கட்டுரை படைத்தேன்.

இனி வழியைச் சொல்கிறேன்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை. உயர்கல்வி அமைச்சின் கீழ் யு.பி.யு. என்ற ஒரே இணைய வாசல். அங்கே எஸ்.டி.பி.எம். மாணவர்களும் மெட்ரிகுலேஷன் மாணவர்களும் சேர்ந்துதான் வரிசையில் நிற்பார்கள். 2002 முதல் இன ஒதுக்கீடு முறை போய், மெரிட் புள்ளி முறை வந்தது. 100 புள்ளிகளில் 90 தேர்வுக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00க்கு எவ்வளவு சராசரி எடுத்தாள் என்பதை 4ஆல் வகுத்து 90ஆல் பெருக்குங்கள். அதோடு புறப்பாடப் புள்ளியைக் கூட்டுங்கள். அதுதான் அவளுடைய மெரிட்.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு பையன் 3.75 எடுக்கிறான். அது 84.38 புள்ளி. படிப்பு படிப்பு என்று இருந்து, சங்கம் விளையாட்டு எதிலும் தலைகாட்டாமல் புறப்பாடத்தில் 6 மட்டும் வாங்குகிறான். மொத்தம் 90.38. இன்னொரு பிள்ளை 3.67 எடுக்கிறாள், 82.58 புள்ளி. ஆனால் செம்பிறைச் சங்கத்தில் பொறுப்பு வகித்து, மாவட்ட அளவில் ஓடி, 9 வாங்கியிருக்கிறாள். மொத்தம் 91.58. குறைந்த சராசரி எடுத்தவள் முன்னால் போய்விட்டாள். நம் பெற்றோர் பலரும் இந்த 10 புள்ளியை விளையாட்டு என்றே நினைக்கிறார்கள். "சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை, வீட்டுக்கு வா" என்பார்கள். தோட்டத்துக்குப் பேருந்து இல்லாததும் ஒரு காரணம், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சீருடை இயக்கம், ஒரு சங்கம், ஒரு விளையாட்டு என மூன்றிலும் ஆறாம் படிவத்தில் சேர்ந்த முதல் வாரமே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். சாதாரண உறுப்பினராக மட்டும் இருக்காமல், செயலாளரோ பொருளாளரோ ஏதாவது பதவி எடுக்கட்டும். சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வைக்கட்டும். புள்ளி கணக்குப் பார்க்கும் நாளில் சான்றிதழைத் தேடி அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மெட்ரிகுலேஷன் கிடைக்காதது உங்களுக்கு வருத்தம்தான். எனக்கும் வருத்தம். அது ஓராண்டுப் படிப்பு. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பழங்குடியினர்), மீதி 10 விழுக்காடுதான் மற்ற எல்லாருக்கும். 2024இல் பிரதமர், 10 ஏவும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று அறிவித்தார். உங்கள் மகள் அந்த வரம்புக்குள் வரவில்லை. இரண்டு வேறு தேர்வுகளை எழுதியவர்களின் சராசரியை ஒரே தராசில் வைத்து நிறுப்பது சரியான முறை என்று நான் ஒருபோதும் ஏற்றதில்லை. ஆறாம் படிவத்தின் பாடச்சுமை அதிகம் என்பது பாடம் நடத்தியவளுக்குத் தெரியும். ஆனால் முறை மாறும்வரை பிள்ளை காத்திருக்க முடியாது. இருக்கிற முறைக்குள் ஜெயிக்கிற வழியைத்தான் நாம் பார்க்க வேண்டும். அந்த வழி இருக்கிறது.

நான் படித்த காலத்தில் இரண்டாண்டு முடிவில் ஒரே தேர்வு. அன்று காய்ச்சல் வந்தால் எல்லாம் போச்சு. இப்போது அப்படி இல்லை. 2012இல் வந்த முறையில் ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்கள், பருவத்துக்கு ஒரு தேர்வு. முதல் இரண்டு பருவத் தாளில் சறுக்கினால் மீண்டும் எழுத வாய்ப்பு உண்டு. பள்ளியிலேயே செய்யும் பணிகளுக்கும் புள்ளி உண்டு. முதல் பருவத்தில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எஸ்.பி.எம்.மில் மனப்பாடம் செய்து ஏ வாங்கிய பிள்ளைக்கு, ஆறாம் படிவ வேதியியல் முதல் மாதத்திலேயே சுவர் போல நிற்கும். அந்த நேரத்தில் "எனக்கு வராது" என்று விலகிப் போய்விடுகிறார்கள். பத்து வாரம் தாக்குப்பிடித்தவர்கள் பெரும்பாலும் கடைசிவரை நின்றுவிடுவார்கள். அந்தப் பத்து வாரமும் அவளை வீட்டு வேலையிலிருந்து விடுவியுங்கள் தம்பி. அவளுடைய தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

அவளுக்குக் கூடுதல் கணிதத்திலும் இயற்பியலிலும் பி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உயிரியல், வேதியியல், கணிதம், அதோடு எல்லாருக்கும் கட்டாயமான பெங்காஜியான் ஆம் என்ற பொதுப் பாடம். இந்த நான்கு போதும். ஐந்தாவது பாடத்தை ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம். கலைப் பிரிவுக்குப் போக அவள் விரும்பினால் அதிலும் தயங்காதீர்கள். எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் ஒரு முழுப் பாடம். தமிழில் நல்ல பிடிப்புள்ள பிள்ளைக்கு அது சராசரியைத் தூக்கிக் கொடுக்கும். ஆங்கிலத்துக்கு மியூட் என்ற தனித் தேர்வு உண்டு. அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் ஓடுவது நம் தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய பலவீனம். தினமும் அரை மணி ஆங்கிலச் செய்தித்தாள் வாசிக்கட்டும், இன்றே தொடங்கட்டும். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் கிரெடிட்டும் வரலாற்றில் தேர்ச்சியும் கட்டாயம். அது அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

விண்ணப்பத்தில் 12 தேர்வுகள் வரை வரிசைப்படுத்தலாம். இந்த 12 வரியில்தான் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், கெட்டிக்காரன், முதல் எட்டு இடத்திலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் மருத்துவத்தையே போட்டான். மீதி நான்கில் பல் மருத்துவம். 3.83 சராசரி வைத்திருந்தவனுக்கு எங்குமே இடம் வரவில்லை. அவனைவிடக் குறைந்த சராசரி எடுத்த அவன் வகுப்புத் தோழி, மலாயாவில் உயிர்வேதியியலுக்குப் போனாள். அவனுக்குப் புத்தி குறைவு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. அந்த ஆண்டு நான் வேறு பள்ளிக்கு மாறியிருந்தேன். அது இன்றும் மனதை அறுக்கிறது.

மகளை டாக்டராக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசை தப்பில்லை. மலாயாவில் மருத்துவம் ஐந்தாண்டு, போட்டி கடுமை, 4.00 எடுத்தவர்களே நேர்முகத்துக்கு வரிசையில் நிற்பார்கள். அவளுடைய புள்ளி அங்கே தொட்டால் முதல் இரண்டு இடத்தில் போடட்டும். மூன்று முதல் எட்டு வரை மருந்தியல், உயிர்மருத்துவம், தாதிமை, உயிர்வேதியியல், மரபியல் போன்ற அவளுக்கு உண்மையிலேயே பிடித்தவை வரட்டும். கடைசி நான்கு இடங்கள், அவள் புள்ளிக்கு நிச்சயம் எட்டக்கூடியவை. யு.பி.யு. வழிகாட்டியில் ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டின் சராசரி மெரிட் புள்ளி போட்டிருப்பார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். பொதுத் தகுதி ஒன்று, அந்தந்தப் படிப்புக்கான சிறப்புத் தகுதி இன்னொன்று. சிறப்புத் தகுதியில் ஒரு பாடம் குறைந்தாலும் 95 புள்ளி வைத்திருந்தும் கதவு திறக்காது. விண்ணப்பத் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தேர்வு முடிவு வந்த பிறகு வரிசையைத் திருத்த ஒரு வாய்ப்புத் தருவார்கள், அதைத் தவறவிடக் கூடாது. நேர்முக அழைப்பு மின்னஞ்சலிலும் இணையத்திலும்தான் வரும், கடிதமாக வீட்டுக்கு வராது. தோட்டத்தில் இணையம் விட்டுவிட்டு வந்தால், அந்த வாரங்களில் நாளுக்கு ஒரு தடவை பட்டணத்துக்கு வந்தாவது பார்க்கட்டும். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு, ஆனால் அது சில நாள்களே திறந்திருக்கும்.

மலாயாவுக்கு இன்னொரு நேரடி வாசலும் உண்டு, சாத்து என்பார்கள். பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பிக்கலாம். அதே வகுப்பு, அதே பட்டம், ஆனால் கட்டணம் யு.பி.யு. வழியைவிடப் பல மடங்கு கூட. லோரி ஓட்டும் சம்பளத்தில் அதை முதல் வழியாக நினைக்காதீர்கள்.

செலவைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். யு.பி.யு. வழியாக நுழைந்தால் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. அந்தத் தனியார் கல்லூரி கேட்பதோடு ஒப்பிட்டால் உங்களுக்கே புரியும். மீதிக்குப் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது. முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கடன் பணம் கைக்கு வரும் முன் பதிவு நாளில் கட்ட வேண்டியது, விடுதிக்கு வாளி, மெத்தை விரிப்பு, பழைய மடிக்கணினி என்று ஒரு தொகை வேண்டும். இப்போதிருந்தே மாதம் 100 வெள்ளி ஒதுக்கினால் ஒன்றரை ஆண்டில் 1,800 வெள்ளி சேரும். அந்த ஆள் கேட்கும் 500 வெள்ளியை அதன் முதல் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு ஆள் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1982இல் மலாயாப் பல்கலைக்கழகத்து மாணவர்களும் விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜாவும் சேர்ந்து தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம், நம் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவதையே தொண்டாகச் செய்துவருகிறது. பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்டால் தமிழ்ப் பேரவை இருக்கிறது, மூத்த மாணவர்கள் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு ஊர் வர வேண்டுமென்றால் நம் சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இ.டி.எஸ். என்ற விரைவு ரயில் நிற்கிறது. எங்கள் காலத்தில் ஈப்போவுக்குப் போய்ப் பேருந்து மாறி மாறி வருவோம்.

இந்தப் பட்டணம் படிப்புக்குப் புதிதல்ல. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இங்கிருந்துதான் போனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வந்து, 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை இங்கே நிறுவினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது 1960இல் தோட்டத் தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களை வாங்கினார். உங்கள் மகள் அந்தக் கலாசாலையில்தான் ஆறாண்டு படித்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அவளுக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

அந்தக் கல்லூரி ஆளிடம், ஆறாம் படிவத்தில் சேர்ந்தாயிற்று என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். இடம் கிடைத்த சிலிப்பில் எந்தப் பள்ளி, எந்தத் தேதி என்று இருக்கும். அந்த நாளில் மைகாட் (அடையாள அட்டை) நகல், எஸ்.பி.எம். முடிவின் அசல், பள்ளி விடுகைச் சான்றிதழ், இரண்டு புகைப்படம் இவற்றோடு காலை ஏழரைக்கே போய்விடுங்கள். பாடங்களைத் தேர்வு செய்யும் முன் மகளை என்னிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே வாருங்கள். அந்த 12 வரியை நிரப்புகிற நாள் வரும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.